அமாவாசைக் கட்டத்தில் நான் எழுதிய பூஜ்யம்

1

போன பங்குனியில், இதே நாளில்தான் என் தம்பி ஏழுமலை எங்கள் வயல் வரப்பில் விழுந்தான். திண்டிவனத்திலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஊர் எங்களுடையது. நெல்லுக்குக் குருத்துப்புழு வந்துவிட்டது என்று முதுகில் மருந்து டேங்கை மாட்டிக்கொண்டு, வாயில் ஒரு துண்டுகூடக் கட்டாமல், எதிர்க்காற்றில் அடித்திருக்கிறான். மூன்றாவது டேங்க் பாதியில் கண் இருட்டியிருக்கிறது. முதலில் திண்டிவனம், அங்கிருந்து விழுப்புரம். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள்.

நான் அப்போது பிரான்ஸில், பாரிஸுக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில், பிள்ளைகளுக்குத் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். என் தங்கும் அனுமதி அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். கையில் வெறும் ரசீதுதான். அந்த ரசீதை வைத்துக்கொண்டு ஊருக்குப் போனால் திரும்பி உள்ளே விடுவார்களா மாட்டார்களா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். போகவில்லை. மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் ஒரு காசு முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்தேன். அம்மன் திருப்பிக் கொடுத்தாள்.

டாக்டர் ஒன்று சொன்னார். இனி அந்த மருந்துக் காற்று மேலே பட்டால் இந்த உடம்பு தாங்காது. டேங்கைக் கழுவி, மோட்டார் கொட்டகைப் பரணில் ஏற்றிவிட்டதாக அவன் மனைவி செல்வி போனில் சொன்னாள். அது கீழே இறங்கக் கூடாது என்பதுதான் இந்த ஒரு வருஷமாக என் பிரார்த்தனை. அது இறங்கிவிட்டது. அதற்கு நான்தான் காரணமாக இருந்தேன். ஊரில் இதைப் படிப்பவர்களிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

2

எனக்குப் படிப்பு பத்தாவது வரைதான். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டதால் இங்கே வந்தேன். வந்து இருபத்து மூன்று வருஷம். என் வீட்டுக்காரர் கிடங்கு ஒன்றில் வேலை செய்கிறார். நாங்கள் இருப்பது நாலாவது மாடி. வந்த புதிதில் வெள்ளிக்கிழமை கற்பூரம் ஏற்றினேன். கூரையில் இருந்த புகை மணி அலறி, கீழ்வீட்டுக்காரி ஓடி வந்தாள். அன்று முதல் கற்பூரம் கிடையாது. சின்ன எண்ணெய் விளக்கு ஒன்று, அதுவும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. குளிர்காலத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் சாமி கும்பிடுவேன்.

அலுவலகப் பயம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பின்னால் வருவது அதனால்தான் புரியும். வந்த மூன்றாம் வருஷம், தங்கும் அட்டைக்கான விண்ணப்பத்தில் 'பிள்ளைகள் எண்ணிக்கை' என்ற கட்டத்தை நான் நிரப்பாமல் விட்டேன். அப்போது எனக்குப் பிள்ளை இல்லை. இல்லாததை என்ன எழுதுவது என்று விட்டுவிட்டேன். முழு விண்ணப்பமும் திரும்பி வந்தது. மறுபடி வரிசை, மறுபடி நாள் வாங்குவது என்று ஏழு மாதம் ஓடியது. அந்த ஏழு மாதத்தில் ஊரில் என் அப்பா தவறிப்போனார். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் சொன்னது மட்டும் மனதில் நின்றுவிட்டது: இல்லையென்றால் பூஜ்யம் போடு, கட்டத்தைக் காலியாக விடாதே.

அன்றிலிருந்து எந்தக் காகிதத்திலும் நான் கட்டத்தைக் காலியாக விட்டதில்லை.

3

என் மகள் அபிராமி பிறகுதான் பிறந்தாள். இப்போது தெற்கே ஒரு நகரத்தில் கணக்குப் படிக்கிறாள். மாதம் ஒருமுறை ரயிலில் வருவாள். தமிழ் பேசுவாள், ஆனால் யோசித்து யோசித்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைப்பாள். கோயிலுக்குக் கூப்பிட்டால் வருவாள், செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்று போன் பார்ப்பாள். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் வாசல்வரைகூட வரமாட்டாளோ என்று பயம்.

மாமா ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் அவள் தினமும் போன் செய்தாள். அதற்குப் பிறகு படிப்பில் ஒரு ஆய்வு செய்ய வேண்டி வந்தபோது, மாமா வயலையே எடுத்துக்கொண்டாள். விஷம் அடிக்காமல் பூச்சியை அடக்கக் கணக்குப் போடுகிறேன் என்றாள். எனக்குப் புரியவில்லை. சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த மாவு மேலேயே விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்.

"இது குருத்துப்புழுவோட அந்துப்பூச்சிம்மா. ஏறும். இது குட்டிக் குளவி. ஊசி முனையைவிடச் சின்னது. அந்துப்பூச்சி முட்டைக்குள்ள அது தன் முட்டையை வைக்கும். அப்ப புழு வராது, குளவி வரும்."

"சரி, குளவியக் கொண்டுபோய் விட்டா முடிஞ்சுதே. இதுல கணக்கு எங்க?"

"எப்ப விடணும்? முன்னாடி விட்டா முட்டையே இருக்காது, குளவி செத்துடும். பின்னாடி விட்டா புழு தண்டுக்குள்ள போயிடும். நடுவுல நாலஞ்சு நாள்தான். அந்த நாளைக் கண்டுபிடிக்கத்தான் கணக்கு."

நாம் கல்யாணத்துக்கு நாள் பார்ப்பது போல் இவள் குளவிக்கு நாள் பார்க்கிறாள் என்று அப்போது எனக்குப் புரிந்தது. அந்தக் குளவி முட்டை ஒட்டிய அட்டைகள் விழுப்புரத்தில் கிடைக்கும். வாங்கி வந்து துண்டு துண்டாக வெட்டி நெற்பயிரில் கட்ட வேண்டும். எந்த நாளில், எத்தனை அட்டை என்பதை அவள் கணிப்பொறி சொல்லும். அது சொல்ல வேண்டுமானால் தினமும் எத்தனை அந்துப்பூச்சி வருகிறது என்று அதற்குத் தெரிய வேண்டும்.

4

தை மாதம் நடவு முடிந்ததும் ஆரம்பித்தோம். மோட்டார் கொட்டகையிலிருந்து ஒயர் இழுத்து வயலோரம் ஒரு பல்பு, அதன் அடியில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தொட்டி, தண்ணீரில் கொஞ்சம் மண்ணெண்ணெய். பல்புக்கு வரும் பூச்சி தொட்டியில் விழும். விடிந்ததும் ஏழுமலை அதில் மஞ்சள் றெக்கையில் கறுப்புப் பொட்டு வைத்த பூச்சியை மட்டும் எண்ணி, எனக்குக் குரல் அனுப்புவான். நான் ஐந்து மணிக்கு எழுந்திருக்கும்போது அது போனில் வந்து கிடக்கும். அவன் பேசும் வேகம் அபிராமிக்குப் பிடிபடாது. அதனால் நான் கேட்டு, அவள் அச்சடித்துக் கொடுத்த தாளில் எழுதி, படம் எடுத்து அவளுக்கு அனுப்புவேன். தேதிக்கு ஒரு கட்டம், எண்ணிக்கைக்கு ஒரு கட்டம். பார்த்தால் அலுவலக விண்ணப்பம் மாதிரியே இருக்கும்.

ஒருநாள் அவளே நேராகப் போன் செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"மாமா, இன்னைக்கு பூச்சி எத்தனை பேர்?"

"இன்னாது, பேரா?" அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பதினேழு பேரு வந்தாங்க பாப்பா. ஆதார் கார்டு கேட்டு வைக்கட்டுமா?"

"மாமா, சும்மா இருங்க."

"இந்த ஊர்ல எவனும் என்னைப் பாத்து இப்ப வணக்கம் சொல்றதில்ல தெரியுமா? பூச்சிக் கணக்குப்பிள்ளைன்றான். காலையில தொட்டிய மொறைச்சிக்கினு குந்தியிருக்கான்னு ஒரே பேஜாரு. உனக்காகத்தான் பொறுத்துக்கினு கீறேன்."

அவளுக்குப் பாதி புரிந்திருக்காது. ஆனாலும் சிரித்தாள். அவர்கள் இரண்டு பேரும் இப்படிப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. பூச்சி என்று ஒன்று இல்லாவிட்டால் இந்தப் பெண் ஊருக்குப் போன் போட்டிருப்பாளா என்றுகூட நினைத்தேன்.

5

எங்கள் வீட்டில் அமாவாசைக்கு மேல்மலையனூர் போவது வழக்கம். ஏழுமலை செஞ்சி வழியாகப் பஸ் பிடித்துப் போய், ஊஞ்சல் உற்சவம் பார்த்துவிட்டு மறுநாள்தான் வருவான். அமாவாசையில் எங்கள் வீட்டில் ஏர் கட்டமாட்டார்கள், அரிவாள் எடுக்கமாட்டார்கள். அம்மனுக்கு விளக்கு வைக்கிற நாளில், உயிர் வந்து விழுந்து சாகிற விளக்கை அதே வீட்டில் எப்படி ஏற்றுவது? அவன் பல்பை அணைத்துவிட்டான். தை அமாவாசையில் ஒருநாள். மாசியில் அம்மனுக்கு மயானக்கொள்ளைத் திருவிழா வருவதால் சிவராத்திரியிலிருந்தே விரதம், ஆகவே மூன்று நாள்.

"அக்கா, அமாவாசையாச்சே, வெளக்கு போடல. பாப்பாகிட்ட சொல்லிடு." அவன் சொன்னது இவ்வளவுதான். தெளிவாகத்தான் சொன்னான்.

நான் அபிராமியிடம் சொல்லவில்லை. விரதம், அம்மன், விளக்கு என்று ஆரம்பித்தால் அவள் புருவத்தைத் தூக்குவாள். சிரிக்கமாட்டாள், ஆனால் சிரிக்காமல் இருப்பதற்கு அவள் படும் பாடு எனக்குத் தெரியும். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு மனமில்லை. கட்டத்தைக் காலியாக விடவும் கை வரவில்லை. தொட்டியில் ஒரு பூச்சியும் விழவில்லை என்பது உண்மைதானே, அம்மன் நாளில் ஒரு உயிரும் சாகவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பூஜ்யம் போட்டேன். தையில் ஒன்று. மாசியில் மூன்று, ஒன்றன்கீழ் ஒன்றாக, அழகாக வட்டம் போட்டு.

அந்த வாரம் கணிப்பொறி, பூச்சி அடங்குகிறது, இப்போது அட்டை வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொன்னது. ஏழுமலை விழுப்புரம் போக எடுத்து வைத்த பையைத் திரும்ப ஆணியில் மாட்டினான்.

6

பங்குனி பிறந்ததும் படம் அனுப்பினான். பச்சைப் பயிருக்கு நடுவில் காய்ந்த குருத்துகள். அதோடு குரலும் வந்தது. "கெழக்கால துண்டு பூரா இப்பிடித்தான்க்கா. இழுத்தா குருத்து கையோட வந்துடுது. அடியில கடிச்சி வச்சிருக்குது."

அந்த மாதம் அபிராமி வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை. சமையலறை மேசையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பாடு ஆறிப்போனது.

"என் கணக்கு தப்பும்மா."

"ஏன் அப்படிச் சொல்ற?"

"அமாவாசை இருட்டுல விளக்குக்கு நிறைய பூச்சி வரும். அதை முன்னாடியே கணக்குல வெச்சிருந்தேன். ஆனா மாமா எண்ணினது பூஜ்யம். ஒரு தடவை இல்லை, நாலு நாள். நான் நினைச்சது தப்பு, மாமா கண்ணால பார்த்தது சரின்னு மாத்திட்டேன். எங்கேயோ பெரிய தப்பு. மாமாகிட்ட நிறுத்திடச் சொல்லப் போறேன். அவங்க இஷ்டம்போல மருந்து அடிச்சுக்கட்டும்."

மருந்து என்று அவள் சொன்னதும் நான் படத்தை வாங்கி மறுபடி பார்த்தேன். பயிருக்குப் பின்னால் மோட்டார் கொட்டகை. அதன் சுவரோரம் நீல டேங்க், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பரணிலிருந்து இறங்கியிருந்தது.

 அவள் தன் கணக்கு தப்பு என்கிறாள், அவன் கணக்கை நம்பிக் கெட்டேன் என்று நினைக்கிறான். நடந்தது இன்னதென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். விளக்கு மாடத்தைப் பார்த்தேன். அம்மன் முகம் எப்போதும்போல்தான் இருந்தது. சொன்னேன். அப்பா செத்த அந்த ஏழு மாதத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். தாள்களை எடுத்து என் முன்னால் வைத்து ஒரு பென்சில் கொடுத்தாள்.

"எந்தெந்த நாள் விளக்கு எரியலை? காட்டு."

நாலு கட்டத்தையும் காட்டினேன். 

"அம்மா, பூஜ்யம்னா விளக்கு எரிஞ்சுது, பார்த்தேன், ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். தெரியலைன்னா காலியா விடு. காலியா இருந்தா அதுக்குத் தக்கபடி கணக்கு போட எனக்குத் தெரியும்."

பிறகு அவள் கேட்ட கேள்விதான் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. "கோயிலுக்குப் போனாங்கன்னு சொன்னா நான் சிரிப்பேன்னு நினைச்சியா?"

ஆறிப்போன சாப்பாட்டை எடுத்துச் சூடாக்கப் போனேன். அவள் நாலு பூஜ்யத்தையும் எடுத்துவிட்டுக் கணக்கைத் திரும்ப ஓடவிட்டாள். கோடு கீழே இறங்குவதற்குப் பதில் மலை மாதிரி ஏறி நின்றது. அட்டை கட்டியிருக்க வேண்டிய நாள், அவன் பையைத் திரும்ப மாட்டிய அதே நாள்தான்.

7

உடனே போன் போட்டோம். அங்கே மதியம் சாய்ந்திருந்த நேரம். அவன் கொட்டகையில்தான் இருந்தான்.

"திண்டிவனத்துல மருந்து வாங்கியாந்துட்டேன்க்கா. வெயிலு தாழ அடிச்சிடலாம்னு கீறேன்."

நான் செய்ததைச் சொன்னேன். 

"வெளக்க அணைச்சது நான்தானே," என்றான். "நீ இன்னாக்கா பண்ணுவ."

அபிராமி போனை வாங்கினாள். "மாமா, மருந்து வேணாம். புழு தண்டுக்கு உள்ள இருக்கு. மருந்து வெளியிலதான் படும். இந்தக் குருத்து போனது போனதுதான். புழு பூச்சியா மாறி வரும், மறுபடி முட்டை வைக்கும். அதைப் பிடிக்கலாம்."

"பாப்பா, நீ சொல்றது நல்லாத்தான் கீது. பக்கத்து வயக்காரன் ரெண்டு தபா அடிச்சிட்டான். நான் கணக்கு கேட்டுக்கினு கைய கட்டிக்கினு நின்னா, கதிர் வர்ற நேரத்துல பூரா வெளுத்துடும். அப்ப நீயா சோறு போடுவ?"

"போடுவேன்," என்றாள் அவள். கேலிக்கு அவன் கேட்டதை நிஜமாகவே எடுத்துக்கொண்டாள்.

"வர்ற அமாவாசைக்கு விளக்கு போடணும் மாமா. அந்த எண்ணிக்கை இல்லைன்னா நாள் சொல்ல முடியாது."

அதற்கு அவன் மசியவில்லை. "அது மட்டும் ஆவாது பாப்பா. அப்பாரு காலத்துலருந்து அன்னிக்கி உயிரு விழற காரியம் பண்றதில்ல. அங்காளம்மா விட்ட உயிரு இது."

பாவம் என் தலைமேல் இருக்கட்டும், நீ விளக்கைப் போடு என்று சொல்ல நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து செல்வியின் குரல் கேட்டது. அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

"தொட்டியில நூறு பூச்சி விழுந்தா பாவம். டேங்க மாட்டிக்கினு போயி தவள, சிலந்தி, மீன் குஞ்சு, தேனீ எல்லாத்தையும் சாவடிச்சா பாவமில்லியா? ஒன்பது நாளு ஆசுபத்திரி வராண்டாவுல குந்திக்கினு இருந்தவ நான். அம்மன் உங்கள குடுத்தது எனக்கு. நீங்க கோயிலுக்குப் போங்க. வெளக்க நான் போட்டுக்கறேன்."

 "அண்ணி, வைக்கிறேன்," என்று செல்வியே போனை வைத்தாள். அன்று சாயங்காலம் அவன் மருந்து அடித்தானா இல்லையா என்று தெரியாமல் நான் அபிராமியை ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் எண்ணிக்கை வந்தது. "இருவத்தாறு." மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை.

8

பங்குனி அமாவாசைக்கு நான் இங்கே விரதம் இருந்தேன். மறுநாள் பஸ் நிறுத்தத்தில் குளிரில் நின்றுகொண்டு போனைத் திறந்தேன். செல்வி குரல்.

"அண்ணி, அவரு இன்னும் மலையனூர்லருந்து வரல. நான்தான் எண்ணினேன். நூத்திப் பதினேழு. நம்பிக்க இல்லாம ரெண்டு தபா எண்ணினேன். அதேதான் வருது."

தாளைக் கைப்பையிலிருந்து எடுத்து அங்கேயே அந்தப் பைமேல் வைத்து எழுதினேன். பயிரைத் தின்ன வந்த பூச்சி நூற்றுப் பதினேழு என்று தெரிந்து, அம்மனுக்கு நன்றி சொன்ன பைத்தியக்காரி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அபிராமி நாள் சொன்னாள். அமாவாசை கழித்து மூன்றாம் நாள். அது இன்று. போன வருஷம் அவன் விழுந்த அதே நாள் என்பது அவளுக்குத் தெரியாது. கணக்குக்கு அது தேவையுமில்லை.

காலையில் செல்வி ஒரு வீடியோ அனுப்பினாள். ஏழுமலை வரப்பில் நடந்துகொண்டிருக்கிறான். கிழக்குத் துண்டில் பாதி போய்விட்டது, அது திரும்பாது. மேற்குத் துண்டு பச்சையாக நிற்கிறது. கையில் அட்டைத் துண்டுகள், வாயில் நூல்கண்டு. பத்தடிக்கு ஒருமுறை குனிந்து, இலையின் அடியில் ஒன்றைக் கட்டுகிறான், அடுத்ததற்குப் போகிறான்.

"ஜல்தியா கட்டுங்க, வெயிலு ஏறுது," என்று செல்வி படம் எடுத்துக்கொண்டே சொல்வது கேட்கிறது.

"இரு. பாப்பாவோட ஆளுங்க. எண்ணிக் கட்டணும்," என்கிறான் அவன்.

கதிர் எப்படி வரும் என்று இன்னும் தெரியாது. மாசிப் பக்கத்தை எடுத்து, மூன்று பூஜ்யத்தையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் 'விளக்கு எரியவில்லை' என்று எழுதினேன். பிறகு வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். வரப்பு வளையும் அந்த இடத்தில்தான் அவன் போன வருஷம் விழுந்தது. அங்கே வந்ததும் ஒரு நிமிஷம் நின்றான். முதுகு காலியாக இருந்தது. குனிந்து ஒரு அட்டையைக் கட்டிவிட்டு, மேலே நடந்தான்.